உங்களுக்குத் தெரியுமா? மூதூரிலிருந்து வளைகுடா வரை

■ இலங்கையின் கிழக்கே கொட்டியாரக் குடாவை அண்டிய மூதூர், கிண்ணியா ஊர்களிலிருந்து சவூதி, குவைத், கட்டார் நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகப் போனோர் ஏராளம்.

■ கிழக்கில் மகளைக் கட்டிக்கொடுக்கும்போது பெண்வீட்டார் வீடும் கொடுப்பது வழக்கம். அந்தக் கல்வீட்டுக்காகவே பல தாய்மார் விமானம் ஏறினர். பிள்ளைகளை உம்மும்மாவும் சாச்சியும் வளர்த்தனர்.

■ 2005இல் மூதூரிலிருந்து சவூதி சென்ற ரிசானா நபீக்கின் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982. பிறப்புச் சான்றிதழிலோ 1988. அவர் பராமரித்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரி 9 அன்று மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

■ அதே ஆண்டில், சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை இலங்கை 25 ஆக உயர்த்தியது. பிள்ளைகளைப் பராமரிக்க ஏற்பாடு உண்டா என்று பார்க்கும் குடும்பப் பின்னணி அறிக்கையும் கட்டாயமானது.

■ 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குப் பின் அயர்லாந்துப் பெண்களும் அமெரிக்க வீடுகளில் இதே வேலைக்குத்தான் போனார்கள். அவர்கள் அனுப்பிய காசில் தம்பி தங்கைகளும் கப்பலேறினர், கிராமங்கள் வெறிச்சோடின. வளைகுடாவிலோ குடியேற வழியில்லை. ஒப்பந்தம் முடிந்தால் ஊர் திரும்ப வேண்டியதுதான்.

■ வெளிநாடு போகுமுன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவுசெய்யுங்கள். வயதைக் கூட்டிக் கடவுச்சீட்டு எடுக்க எந்த முகவர் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.