ஒரு நீலக் காகிதத்தின் விலை!

வேலையை விடும்போது ஆபீஸில் ஒரு ரிலீவிங் ஆர்டர் தருவார்களே, கவனித்திருக்கிறீர்களா? பத்து வருஷம் மாடாய் உழைத்ததெல்லாம் அடுத்த கம்பெனிக்காரர் கண்ணில் படாது. 'நடத்தை திருப்திகரம்' என்ற அந்த ஒரு வரியைத்தான் தேடுவார்.

அமெரிக்க ராணுவத்தில் அந்தத் தாளுக்குக் கலரே இருந்தது. வெள்ளை என்றால் கௌரவமான விடுவிப்பு. மஞ்சள் என்றால் அவமானம். அதற்கு கோர்ட் மார்ஷல் தீர்ப்பு வேண்டும். 1916 முதல் 1947 வரை நடுவில் ஒரு கலர்: நீலம். கௌரவமும் இல்லை, அவமானமும் இல்லை. கோர்ட் மார்ஷலே தேவையில்லை. 'இந்த ஆள் சரிப்பட மாட்டான்' என்று மேலிடம் முடிவு கட்டினால் போதும், நீலத்தைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

யாருக்குப் போனது அது? நான் பி.காம். ஆசாமி. கதையைவிடக் கணக்கைத்தான் முதலில் பார்ப்பேன். 1941 டிசம்பரிலிருந்து 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த நீலத் தாள்கள் 48,603. அதில் கறுப்பின வீரர்களுக்கு 10,806. நூற்றுக்கு 22! படையில் அவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. ஓரினச் சேர்க்கையாளர் என்று சந்தேகிக்கப்பட்டவர்களுக்கும் இதே நீலம்தான்.

'போகட்டும், காகிதம்தானே' என்கிறீர்களா? 1944-ல் 'ஜி.ஐ. பில்' என்று ஒரு சட்டம் வந்தது. போர் முடிந்து திரும்புகிறவர்களுக்குப் படிப்புச் செலவு வருஷத்துக்கு 500 டாலர் வரை, வேலை இல்லாவிட்டால் வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம், வீட்டுக் கடனுக்கு அரசாங்க ஜாமீன். சட்டப்படி, அவமானமாக விலக்கப்பட்டவர்களுக்குத்தான் இது கிடையாது. ஆனால் முன்னாள் ராணுவத்தினருக்கான அரசு நிர்வாகம், நீலத்தையும் மஞ்சளோடு சேர்த்துவிட்டது. சலுகை போச்சு. வேலை கேட்டுப் போன இடத்திலும் நீலத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

பெண்கள் கதை இன்னும் விசேஷம். அவர்களுக்குத் தாளே இல்லை! இரண்டாம் உலகப்போரில் 'வாஸ்ப்' என்ற பிரிவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ராணுவ விமானங்களை ஓட்டினார்கள். 38 பேர் உயிரை விட்டார்கள். ரிக்கார்டில் மட்டும் 'சிவிலியன்'. சவப்பெட்டிக்குக் கொடி மரியாதை இல்லை. உடலை ஊருக்கு அனுப்ப அரசுப் பணமும் இல்லை. கூட இருந்த பெண்களே கைக்காசு போட்டு அனுப்பிய சம்பவங்கள் உண்டு. அவர்களையும் முன்னாள் ராணுவத்தினராக ஏற்றுச் சட்டம் வந்தது 1977-ல்!

எல்லாம் பழங்கதை என்று மூடிவிட முடியாது. ராணுவத்தில் கறுப்பினத்தவரும் ஹிஸ்பானியரும் வெள்ளையரைவிட அதிகமாக விசாரணைக்கும் கோர்ட் மார்ஷலுக்கும் ஆளாகிறார்கள் என்று 2019-ல் சொன்னது யார் தெரியுமா? அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமே.

சரி, தப்பு தெரிந்தபின் திருத்தினால் என்ன கிடைக்கும்? நீலத் தாளுக்கும் முந்தைய கேஸ் ஒன்று. 1906-ல் டெக்ஸாஸ் மாநிலம் பிரவுன்ஸ்வில்லில் ஓர் இரவு துப்பாக்கிச் சூடு, ஒருவர் பலி. பழி கறுப்பினப் படைப்பிரிவின் மேல் விழுந்தது. 'எல்லோரும் பாசறையில்தான் இருந்தார்கள்' என்று அவர்களுடைய வெள்ளை அதிகாரிகளே சொன்னார்கள். எடுபடவில்லை. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் விசாரணைக் கோர்ட் எதுவுமில்லாமல் 167 பேரை மரியாதையின்றி வெளியேற்றினார். உத்தரவு வெளியானது, தேர்தல் முடிந்த பிறகு!

1972-ல் ராணுவம் அந்தத் தாள்களைக் கௌரவமானவையாக மாற்றியது. அதற்குள் அநேகமாக எல்லோரும் போய்ச் சேர்ந்திருந்தார்கள். மின்னியாபொலிஸில் ஒரு சலூனில் பல வருஷம் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்த டார்சி வில்லிஸ் மட்டும் தள்ளாத வயதில் நஷ்ட ஈடு வாங்கினார். 1974-ல், 25,000 டாலர்.

கணக்குப் புத்தி சும்மா இருக்குமா? 67 வருஷத்துக்கு வகுத்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு ஒரு டாலர், கொஞ்சம் சில்லறை.