மலைப்பாதையில் இரு கார்கள்

பெரகலைச் சந்தியிலிருந்து கொஸ்லாந்தை வழியாக வெல்லவாய நோக்கி இறங்கும் ஏ4 நெடுஞ்சாலை, மலைநாட்டையும் சமவெளியையும் இணைப்பது. கொஸ்லாந்தைக்கு மேலுள்ள சரிவிலேதான், 2014 ஒக்டோபர் 29 இல் லயன் வீடுகளைப் புதைத்த மண்சரிவினால் நாடறிந்த மீரியபெத்த உள்ளது. மழைக்கு மண்ணே நகரும் இத்தகைய இடத்தில், ஒரு காரின் தகுதியை அதன் வேகத்தால் மட்டும் அளத்தல் பொருந்துமா? பழைய மொரிஸ் மைனரையும் இன்றைய ஸ்போர்ட்ஸ் காராகிய மஸ்டா எம்.எக்ஸ்-5 ஐயும் இப்பாதையில் வைத்து நோக்கின் விடை புலப்படும்.

அலெக் இசிகோனிஸ் வகுத்த மொரிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. முதல் மாதிரி ஒடுக்கமாகத் தோன்றவே, அதனை நெடுக்காக அறுத்து 4 அங்குலம் அகலப்படுத்தினார் அவர். பத்து இலட்சம் என்னும் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. 1956 ஆம் ஆண்டு மாதிரியின் 948 கன சென்ரிமீற்றர் எஞ்சின் 37 பரிவலு தந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தை எட்ட அரை நிமிடமளவு ஆகும். 2015 இல் வந்த மஸ்டாவின் 1.5 லீற்றர் எஞ்சினோ ஏறக்குறைய 130 பரிவலு தருவது. அதே வேகத்தை ஒன்பது செக்கனுக்குள் எட்டிவிடும். ஆயினும் இரண்டும் ஒரே குலத்தன என்னலாம்: இரண்டிலும் எஞ்சின் முன்னே, உந்துவன பின்சில்லுகள், பாரமும் குறைவு. முடக்குகளில் சாரதியின் கைக்கு மைனர் பணிந்து திரும்பும் இயல்பை அக்காலத்தவர் வியந்து போற்றினர்.

மெய்யான வேறுபாடு ஏற்றத்திலன்று, இறக்கத்திலேயே வெளிப்படும். மைனரின் நான்கு சில்லுகளுக்கும் உருளைப் பிரேக்குகளே உண்டு. நெடுந்தூரம் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் உருளை சூடேறி விரியும்; அதனுள் அழுந்தும் பட்டையின் உராய்வு தளரும்; மிதி ஆழ இறங்கியும் வண்டி நில்லாது. இதனாலேயே, ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் விதி மலைச் சாரதிகளிடையே வேரூன்றியது. அதிலும் ஓர் இடர்ப்பாடு: மைனர் ஓடிக்கொண்டிருக்கையில் முதற் கியருக்கு மாற்றுதல் எளிதன்று, இறக்கம் தொடங்குமுன்னரே சாரதி தீர்மானித்துவிடல் வேண்டும். மஸ்டாவின் தட்டுப் பிரேக்குகள் காற்றில் வெப்பத்தை விரைந்து இழப்பன. ஈரச்சாலையில் சில்லு பூட்டிக்கொள்ளாது தடுக்கும் கருவியும், மோதலில் விரியும் காற்றுப்பையும் அதற்குண்டு. உயிர்க்காப்பில் புதியதே மேலானது. பழமைப் பற்றினால் இதனை மறைத்தல் தகாது.

ஆனால் மஸ்டாவின் அடிப்பாகம் நிலத்தோடு நெருங்கியது. முடக்குகளில் உறுதி தரும் அத்தாழ்வே, மழை உருட்டிவந்த கற்கள் கிடக்கும் தோட்டப் பாதையில் கேடாகின்றது. இருக்கைகளும் இரண்டே, நோயாளியோடு இருவர் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய இரவில் அக்கார் பயன்படாது. மைனரில் நால்வர் அமரலாம்.

பழுதுபார்த்தலிலும் வேறுபாடு பெரிது. மஸ்டாவின் மின்னணுக் கோளாற்றை அறியக் கணினிக் கருவி வேண்டும். மைனரின் காபரேற்றரையோ சிற்றூர்க் கராஜ்காரர் திருகாணி முடுக்கியும் கையுமாகச் சீர்செய்துவிடுவார். இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மலிந்த 1960களிலும் 1970களிலும் இலங்கையர் இக்கார்களைப் பேணிக்காத்தமைக்கு அன்பு மட்டுமன்று, வேறு கார் கிடையாமையும் காரணமே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளில் பழைய கார் வைத்திருந்தோர் அதனை விற்க முன்வராமையில் வியப்பில்லை.