விபத்து என்றொரு சொல்

மொரீஷியஸ் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது அந்நாட்டு ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது என்பதுதான். மேடைக்கு மேடை சொல்லிப் பூரித்துப்போகிறோம். அந்தத் தீவின் தென்கிழக்குக் கரையில் 2020 ஜூலை 25 அன்று ‘வகாஷியோ’ என்ற கப்பல் பவளப்பாறையில் ஏறி நின்றதையும், பன்னிரண்டு நாள் கழித்து அதிலிருந்து சுமார் 1,000 டன் எண்ணெய் கடலில் கலந்ததையும் அந்த மேடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

கப்பல் தரை தட்டியது, எண்ணெய் கசிந்தது. செய்தியின் மொழி இது. இந்த வாக்கியங்களின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். கப்பல் எழுவாய், எண்ணெய் எழுவாய். இரண்டுமே தன்வினை. ஓட்டியவன், ஓட்டச் சொன்னவன், லாபம் பார்த்தவன் எல்லோரும் வாக்கியத்துக்கு வெளியே நிற்கிறார்கள். ‘விபத்து’ என்ற சொல்லின் அரசியல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

சரி, கப்பல் யாருடையது? உரிமையாளர் ஒரு ஜப்பானிய நிறுவனம். வாடகைக்கு எடுத்து இயக்கியது இன்னொரு பெரிய ஜப்பானிய நிறுவனம். பறந்த கொடி பனாமாவுடையது. கப்பல் தலைவர் இந்தியர், தலைமை அதிகாரி இலங்கையர். யாரைப் போய்க் கேக்கிறது? பொறுப்பு இப்படிச் சிதறிக் கிடப்பது தற்செயல் அல்ல, உலகக் கப்பல் வணிகம் நடக்கிற முறையே இதுதான்.

கரையிலிருந்து 22 கடல் மைல் விலகிச் செல்வதாக இருந்த பாதை 5 மைலாகவும் பிறகு 2 மைலாகவும் சுருக்கப்பட்டது என்றும், கைபேசி அலைவரிசை கிடைப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்றும் வாடகைக்கு எடுத்த நிறுவனம் 2020 டிசம்பரில் அறிவித்தது. அந்தக் கொரோனா ஆண்டில் உலகெங்கும் இலட்சக்கணக்கான கடலோடிகள் ஒப்பந்தம் முடிந்தும் கரை இறங்க முடியாமல் கிடந்தார்கள். இதைச் சொல்வது அவர்களுடைய தவறை மூடி மறைக்க அல்ல. 2021 டிசம்பரில் மொரீஷியஸ் நீதிமன்றம் தலைவருக்கும் தலைமை அதிகாரிக்கும் 20 மாதச் சிறை விதித்தது. சிறைக்குப் போனது கூலி வாங்கியவர்கள். மூலதனத்துக்குப் பிரச்சினை இழப்பீட்டுத் தொகையோடு முடிந்துவிடுகிறது.

அந்தத் தொகை எப்படித் தீர்மானமாகிறது என்பதுதான் இதில் நாம் அறிய வேண்டியது. எண்ணெயைச் சரக்காக ஏற்றிச் செல்லும் கப்பல் என்றால் அதற்கென 1992ஆம் ஆண்டு ஒப்பந்தங்களும் சர்வதேச நிதியும் உண்டு. வகாஷியோ சரக்கில்லாமல் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். கொட்டியது அதன் எரிபொருள். எனவே அந்த நிதி கிடையாது. இத்தகைய கப்பலின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பு கப்பலின் டன் அளவை வைத்துக் கணக்கிடப்படுகிறது, அழிந்ததன் அளவை வைத்து அல்ல. மொரீஷியஸ் ஏற்றிருந்த 1976 ஒப்பந்தப்படி அது சுமார் 200 கோடி யென். ஜப்பான் ஏற்றிருக்கும் 1996 நெறிமுறைப்படி சுமார் 700 கோடி யென் என்று அப்போது கணக்கிட்டார்கள். பாறை ஒன்றுதான், விலை மட்டும் இரண்டு. எத்தனை ஏக்கர் அலையாத்தி செத்தது, எத்தனை மீனவர் வலை காய்ந்தது என்பதற்கு அந்தச் சூத்திரத்தில் இடமே இல்லை.

இனி, ‘பாதுகாக்கப்பட்ட’ என்ற சொல். கப்பல் நின்ற புவான்ட் தெஸ்னியை ஒட்டி ப்ளூ பே கடல் பூங்கா இருக்கிறது. ராம்சார் ஈரநிலங்கள் இருக்கின்றன. இல் ஓ எக்ரெட் என்ற காப்பகத் தீவு இருக்கிறது. எண்ணெய் மிதப்பது. நீருக்கடியில் இருக்கும் பவளத்தைத் தாண்டிப் போய் அலையாத்தியின் மூச்சு வேர்களை அது அடைத்துவிடும். கப்பலின் அடிப்பாகமோ பவளத்தை நேராகவே அரைக்கிறது. அரைபட்ட தூள் கலங்கி உயிருள்ள பவளத்தின்மேல் படிகிறது. பவளத்துக்குள் வாழும் பாசிக்கு வெயில் வேண்டும், அது மறைந்தால் பவளம் பட்டினிதான். எண்ணெயில் பெரும்பகுதி வடக்கே போனது காற்றாலும் நீரோட்டத்தாலும். வரைபடத்தில் போட்ட கோடு எதையும் தடுக்கவில்லை. பூங்காவுக்குள் தூண்டில் போடும் ஆளை மறிக்கிற சட்டத்துக்கு, பக்கத்தில் போகிற 300 மீட்டர் கப்பலை மறிக்கக் கை இல்லை.

மறித்தது மக்கள். சுத்தம் செய்வதை அதிகாரிகளிடம் விட்டுவிடுங்கள் என்ற உத்தரவை மீறி ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடினார்கள். துணிப் பைகளில் கரும்புச் சோகையை அடைத்து, காலி பாட்டில்களைக் கட்டி மிதவைத் தடுப்பு செய்தார்கள். வெட்டிய தலைமுடியைக்கூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று போர்ட் லூயி தெருக்களில் கறுப்பு உடையோடு பெருங்கூட்டம் நடந்தது. அவர்கள் அதை விபத்து என்று எடுத்துக்கொள்ளவில்லை, பதில் கேட்டார்கள்.

அந்தக் கரும்பை வெட்டுவதற்குத்தான் 1834க்குப் பின் நம் ஊர்களிலிருந்தும் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். ரூபாய் நோட்டில் இருக்கும் தமிழுக்கு முன்னால் தோட்டத்தில் இருந்த தமிழர் அவர்கள். அன்றைக்கும் கப்பல் யாருடையது என்று கேட்க வழியில்லை. நமக்கு அந்தத் தீவோடு உறவு உண்டென்றால் அது இந்தக் கேள்வியின் வழியாகத்தான். அடுத்த முறை ‘கப்பல் தரை தட்டியது’ என்று படிக்கும்போது, தட்ட வைத்தது யார் என்று அந்த வாக்கியத்தைத் திருத்தி எழுதிப் பார்ப்போம். எழுதுகிறவர்கள் செய்யக்கூடிய முதல் வேலை அதுதான்.