பால் பல்லின் ஸ்தானம்

எப்படியும் விழப் போகிற பல்தானே என்று அலட்சியமாக இருந்து, வலி பொறுக்க முடியாத கட்டத்தில் ஐந்து வயதுக் குழந்தையின் சொத்தைப் பல்லைப் பிடுங்கச் செய்து, தொல்லை தீர்ந்ததென்று வீடு திரும்பும் பெற்றோர், அந்தப் பல் இதுகாறும் காத்து வந்த இடத்தை இனி யார் காப்பது என்று யோசிப்பதில்லை. பால் பற்கள் இருபதும் மெல்லுவதற்கு மட்டும் ஏற்பட்டவை அல்ல. தாடைக்குள் வளர்ந்துவரும் நிரந்தரப் பற்களுக்கு உரிய ஸ்தானத்தை அவையே பிடித்து வைத்திருக்கின்றன.

முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இரண்டாம் பால் கடைவாய்ப் பல். ஆறு வயதையொட்டி அதன் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. பெற்றோர் பலர் இதையும் பால் பல்லென்றே எண்ணிவிடுவது பெரிய துரதிர்ஷ்டம். பத்துப் பன்னிரண்டு வயது வரை முன்னே நின்று தாங்க வேண்டிய பால் பல் அகாலத்தில் போய்விட்டால், இந்தப் பெரிய பல் முன்புறம் சாய்ந்து நகர்ந்து, பிற்பாடு அங்கே வரவேண்டிய பல்லை எலும்புக்குள்ளேயே சிறைப்படுத்திவிடும், அல்லது வரிசை பிறழ்ந்து முளைக்கச் செய்யும். பல்லை எடுத்த முதல் 6 மாதங்களிலேயே பெரும்பான்மையான இடம் பறிபோய்விடுவதால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதற்கு இதில் இடமில்லை.

இதற்குப் பல் வைத்தியர்கள் கையாளும் உபாயம் மிக எளியது. பக்கத்துப் பல்லில் எவர்சில்வர் பட்டையொன்றைச் சிமெண்டால் பொருத்தி, அதிலிருந்து புறப்படும் கம்பி வளைவு வெற்றிடத்தைக் கடந்து எதிர்ப்புறப் பல்லைத் தொட்டு நிற்கும்படி செய்கிறார்கள். இருபுறமும் பற்கள் போயிருந்தால், நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் இரண்டையும் ஒரே கம்பியால் இணைப்பதுண்டு. முன்பற்கள் விழுந்தால் பொதுவாக இது தேவைப்படுவதில்லை. அடியில் நிரந்தரப் பல் இருக்கிறதா, வெளிவர எவ்வளவு காலமாகும் என்பதை எக்ஸ்ரே படம் பார்த்தே நிர்ணயிக்க வேண்டும்.

ஆயினும் எந்தக் கம்பியும் சொந்தப் பல்லுக்கு ஈடாகாது என்பதே என் திடமான அபிப்பிராயம். சொத்தை ஆழமாகியிருந்தாலும், வேர் சிகிச்சை செய்து உலோக உறையிட்டுக் காப்பாற்றக் கூடிய பல்லை அவசரப்பட்டுப் பிடுங்கலாகாது.

கருவி பொருத்திய குழந்தைக்குக் கடலை மிட்டாய், சூயிங் கம் கொடுக்காமல், பட்டையைச் சுற்றி நன்றாகத் துலக்கிவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை வைத்தியரிடம் காட்டிவர வேண்டும். சிமெண்ட் கரைந்து பட்டை தளர்ந்தால், அதைத் தாங்கும் பல்லும் சொத்தையாகிவிடும். புதிய பல்லின் முனை ஈறுக்கு வெளியே தெரிந்ததும் கருவியைக் கழற்றிவிட வேண்டும். தாமதித்தால், இடம் காத்த கம்பியே அந்தப் பல்லின் வழியை மறித்துவிடும்.