இடுப்புத்தளத் தசைப் பயிற்சி

இடுப்புத்தளத் தசைப் பயிற்சி என்பது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் தசைகளைச் சுருக்கித் தளர்த்தி வலுவாக்கும் உடற்பயிற்சி ஆகும். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948-ஆம் ஆண்டில் இது குறித்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதனால் இது கெகல் பயிற்சி என்றும் அழைக்கப்படுகிறது. பெண்களின் சிறுநீர்க் கசிவுக்கு அறுவை சிகிச்சைக்கு முன்பே பரிந்துரைக்கப்படும் சிகிச்சை இது.

கசிவு ஏற்படும் விதம்

இத்தசைகள் இடுப்பெலும்பின் முன்பகுதியிலிருந்து வால் எலும்பு வரை தூளி போல் அமைந்துள்ளன. இருமும்போதும் தும்மும்போதும் சுமை தூக்கும்போதும் வயிற்றினுள் அழுத்தம் கூடுகிறது. அப்போது இத்தசைகள் இறுகி, சிறுநீர் வெளியேறும் குழாய் மூடியிருக்க உதவுகின்றன. கருவுற்றிருத்தல், மகப்பேறு, மாதவிடாய் நிற்றல், உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கல் ஆகியவற்றால் தசைகள் தளர்ந்தால் சிறுநீர் கசிகிறது. இது அழுத்தக் கசிவு எனப்படும்.

வயதானால் இப்படித்தான் என்று எண்ணியும், வெட்கப்பட்டும் பல பெண்கள் இதை வெளியில் சொல்வதில்லை. சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். இதனால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் கூடும்.

சரியான தசையை அறிதல்

காற்றுப் பிரிவதையும் சிறுநீரையும் ஒருசேர அடக்குவது போல, அப்பகுதியை உள்நோக்கி மேலே இழுக்க வேண்டும். வயிறு, தொடை, பிட்டம் ஆகியவற்றை இறுக்கக் கூடாது. மூச்சையும் அடக்கக் கூடாது. கீழ்நோக்கி முக்குவது தவறு. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதும் கூடாது. சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாகாமல் போகலாம்.

செய்முறை

1. சிறுநீர் கழித்த பின், முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுக்கவும். பழகிய பின் உட்கார்ந்தும் நின்றும் செய்யலாம்.
2. தசைகளை 3 முதல் 5 வினாடிகள் சுருக்கி, அதே அளவு நேரம் முழுமையாகத் தளர்த்தவும். படிப்படியாக 10 வினாடிகள் வரை நீட்டிக்கலாம்.
3. ஒரு வேளைக்கு 8 முதல் 10 முறை, நாளொன்றுக்கு மூன்று வேளை செய்யவும்.
4. இருமல் அல்லது தும்மல் வருவதை உணர்ந்தவுடன் தசைகளைச் சுருக்கப் பழகவும்.

பலனும் கவனமும்

பலன் சில நாட்களில் தெரிவதில்லை. குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்ந்து செய்ய வேண்டும். நிறுத்திவிட்டால் தசைகள் மீண்டும் தளரக்கூடும். சரியாகச் செய்கிறோமா என்ற ஐயம் இருந்தால் மகளிர் நோய் மருத்துவரிடமோ இயன்முறை மருத்துவரிடமோ கேட்டறியலாம். சிறுநீரில் இரத்தம், எரிச்சல், இடுப்பு வலி இருந்தால் பயிற்சியை மட்டும் நம்பியிராமல் மருத்துவரை அணுக வேண்டும்.