கிராம்புத் தீவுகளும் நம் தறிகளும்

தறியில் அமர்ந்து நெய்பவருக்கும் மலையில் ஏணி சார்த்திக் கிராம்பு பறிப்பவருக்கும் ஒரே இதழ் எதற்கு என்று அங்கத்தினர் சிலர் வினவுவதுண்டு. வடசேரிக்கும் மாறாமலைக்கும் இடையே பேருந்து வழியைத் தவிர வேறு உறவு யாது என்பது அவர்கள் ஐயம். நானூறு ஆண்டுகட்கு முன் நிகழ்ந்த ஒரு வியாபாரத்தின் வரலாறு இதற்குத் தக்க விடையாகும்.

தீவில் விளைந்த செல்வம்

கிராம்பு ஆதியில் உலகெங்கும் விளைந்த பொருளன்று. இன்றைய இந்தோனேசியாவின் கீழ்ப்பகுதியிலுள்ள தெர்னாத்தே, திதோரே, மோத்தி, மக்கியான், பச்சான் என்னும் சிறு தீவுகளே அதன் தாயகம். அவற்றுக்குத் தெற்கே கிடக்கும் பண்டா தீவுகள் ஜாதிக்காய்க்கும் ஜாதிபத்திரிக்கும் தாயகம். 1512-ஆம் ஆண்டில் போர்ச்சுகீசியர் அங்குச் சென்றனர். 1602-இல் நிறுவப்பெற்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைப் பின்தொடர்ந்தது.

அங்குச் சென்றபின் ஐரோப்பியர் ஓர் உண்மையைக் கண்டனர். தீவு மக்கள் வெள்ளிப் பணத்தைவிடத் துணியையே விரும்பினர். அத்துணியும் நம் சோழமண்டலக் கரையில் நெய்து சாயமிட்ட துணியாக இருக்கவேண்டும் என்றனர். ஆகவே டச்சுக்காரர் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்து, 1613-இல் கோட்டையும் கட்டினர். 1658-இல் நாகப்பட்டினத்தையும் கைப்பற்றினர். சோழமண்டலக் கரையை மொலுக்கத் தீவுகளின் இடக்கை என்று 1612-இல் ஹென்றிக் பிரௌவர் என்னும் டச்சு அதிகாரி எழுதினார். தமிழ்நாட்டுத் தறி ஓடினால்தான் கிராம்பு கப்பலேறும் என்பதே இதன் பொருள். நெசவாளரும் தோட்டக்காரரும் ஒருவரையொருவர் காணாமலே ஒரே வியாபாரத்தின் இரு முனைகளில் நின்றனர். நடுவில் நின்ற கம்பெனியோ இரு முனைகளிலும் இலாபம் கண்டது.

ஒரே கொள்முதல்காரர்

கம்பெனி விரும்பியது வியாபாரம் மட்டுமன்று, ஏகபோகம். பிறருக்கு விற்கலாகாது, தான் குறித்த விலைக்கே தரவேண்டும் என்று அது வற்புறுத்தியது. பண்டா மக்கள் இணங்காமல் பிறருக்கும் விற்றனர். 1621-இல் யான் பீட்டர்ஸூன் கூன் என்பவர் படையுடன் வந்து அத்தீவுகளைப் பிடித்தார். சுமார் 15,000 பேர் என மதிக்கப்படும் அம்மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், பட்டினியால் மடிந்தனர் அல்லது நாடு கடத்தப்பட்டனர். அவர்தம் தோப்புகள் பங்கிடப்பட்டு, அடிமைகளைக் கொண்டு பயிரிடப்பட்டன.

கிராம்புக்கும் இத்தகைய கதியே நேர்ந்தது. விலை குறையாதிருக்கும்பொருட்டு, சாகுபடியை அம்போன் பகுதியில் மட்டும் நிறுத்தி, பிற தீவுகளின் மரங்களைப் படகுப்படை அனுப்பி வெட்டச் செய்தனர். தன் மரம் வெட்டப்படுவதைத் தோட்டக்காரர் பார்த்துக்கொண்டு நிற்க நேரிட்டது.

குளச்சலும் அதன் பின்னும்

அதே கம்பெனி நல்லமிளகை நாடி நம் கரைக்கும் வந்தது. 1741-இல் குளச்சலில் மார்த்தாண்டவர்மரின் படையிடம் அது தோல்வியுற்றதை இம்மாவட்டத்துக் குழந்தைகளும் அறிவர். சிறைப்பட்ட தளபதி டிலனாய் திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்து, 1777-இல் மறைந்து, உதயகிரிக் கோட்டையில் அடக்கமானார்.

எனினும் மேடைகளில் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. வெற்றிக்குப்பின் நல்லமிளகு வியாபாரம் அரசாங்கத்தின் ஏகபோகமாயிற்று. விளைவித்தவர் அரசு குறித்த விலைக்கே கொடுக்கவேண்டும். திவான் மாதவராவ் காலத்தில், 1860-இல்தான் அம்முறை நீங்கியது. அந்நியர் தோற்றது மெய். ஆனால் கொடிக்காரருக்குக் கொள்முதல்காரர் அப்போதும் ஒருவரே. ஏகபோகம் கை மாறியதேயன்றி ஒழியவில்லை.

மலையேறிய மரம்

கம்பெனியின் காவலும் நிலைக்கவில்லை. 1770-இல் மொரீஷியஸ் தீவின் பிரெஞ்சு அதிகாரி பியர் புவாவ்ர் கிராம்பு நாற்றுகளை இரகசியமாக வருவித்தார். 1796-இல் மொலுக்கத் தீவுகள் ஆங்கிலேயர் வசமாயின. 1799-உடன் டச்சுக் கம்பெனியே கலைந்தது. 1800-ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலக் கம்பெனியின் குற்றாலத் தோட்டத்தில் கிராம்பு நடப்பட்டது. அங்கிருந்து பிற்காலத்தில் நம் மலைகளுக்கும் பரவிய அம்மரத்தின் விளைவே 2021-இல் ‘கன்னியாகுமரி கிராம்பு’ எனப் புவிசார் குறியீடு பெற்றது.

இன்றைய கணக்கு

பழங்கதை முடிந்தது, படிப்பினை முடியவில்லை. அண்மையில் தோட்டக்காரர் ஒருவரைக் கண்டேன். மகள் திருமணத்துக்காக வியாபாரி ஒருவரிடம் முன்பணம் பெற்று, மொட்டு விடுமுன்பே மரத்தோடு விலை பேசியிருந்தார். பருவம் வந்தபோது விலை ஏறியது. ஏற்றம் அவருக்கு வரவில்லை. “கையெழுத்துப் போட்டாச்சு, சார், இனி என்ன செய்ய?” என்றார். அவரை எவரும் படைகொண்டு பணிய வைக்கவில்லை. அவசரத் தேவை ஒன்றே போதுமாயிருந்தது. நூலுக்கு முன்பணம் பெற்று அதே முதலாளிக்கே துணியை ஒப்படைக்கும் நெசவாளர் நிலையும் இதுவே.

இதற்குச் சங்கத்தில் வழி உண்டு. மூன்று கிலோ பச்சை மொட்டு உலர்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ கிராம்பாகும். மொட்டு இளஞ்சிவப்பு ஏறியதும், விரியுமுன் பறித்து, காம்பு நீக்கி, நான்கைந்து நாள் நல்ல வெயிலில் காயவைத்தால், தலை உதிராத தரமான சரக்கு கிடைக்கும். நன்கு உலர்ந்த கிராம்பு காத்திருக்கும் சரக்கு. அதனைக் கிடங்கில் வைத்து ஈட்டுக்கடன் பெற்றால் அவசரத் தேவையும் நிறைவேறும். விலை கண்டு விற்கவும் இயலும். தங்கள் சங்கத்தில் இவ்வசதி உண்டா என அங்கத்தினர் இப்போதே விசாரித்தறிக. இல்லையெனில் பேரவையில் கேட்டுப் பெறுக.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. சங்கமும் ஒரு கொள்முதல்காரரே. அங்கத்தினர் பேரவைக்கு வாராமல், கணக்கைப் பாராமல், எடையையும் தரத்தையும் கேளாமல் இருப்பாராயின், அதுவும் நாளடைவில் பழைய பண்டகசாலை போலாகிவிடும். பண்டா தீவினருக்குக் கம்பெனியின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கும் உரிமை இருந்ததில்லை. நமக்குச் சட்டப்படி உண்டு. ஆய்வாளன் ஆண்டில் சில நாட்களே வருவான். மற்ற நாட்களில் அப்புத்தகத்தைக் காக்கவேண்டியவர் அங்கத்தினரே.