தசைக்குள் இறங்குமா இந்தக் கட்டி?

புனேயின் வாகட் பகுதியில், ஹிஞ்சவடி ஐடி நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அப்பாவுக்குச் சிறுநீரில் ரத்தம் போனால், வலி இல்லை என்பதாலேயே மகனிடம் சொல்லமாட்டார். வலியில்லாமல் ரத்தம் போவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அடையாளம். புகைபிடித்தவர் என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

நல்ல செய்தி, நால்வரில் மூவருக்கு நோய் தெரியவரும்போது கட்டி தசைக்குள் இறங்கியிருக்காது. சிறுநீர்த் தாரை வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் அது திரும்பத் திரும்ப முளைக்கும் நோய். சிலருக்குத் தசையையும் துளைத்துவிடும். அந்தச் சிலர் யார்?

2,596 நோயாளிகளின் விவரங்களை வைத்து ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2006இல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். கட்டிகளின் எண்ணிக்கை, அளவு, முன்பு எத்தனை முறை வந்தது, எவ்வளவு ஆழம், செல்களின் தரம், தட்டையாகப் பரவும் வகை கூட இருக்கிறதா என்று ஆறு விஷயங்களுக்கு மதிப்பெண். ஐந்தாண்டில் நோய் முற்றும் வாய்ப்பு ஒருவருக்கு 0.8 சதவீதம், இன்னொருவருக்கு 45 சதவீதம். இடையில் நிற்பவருக்குத்தான் இந்த அட்டவணை போதவில்லை. அவருக்காகத்தான், நோயின் போக்கை முன்கூட்டிக் காட்டும் புரதங்களைக் கட்டியின் செல்களில் தேடுகிறார்கள்.

அதிகம் நம்பப்பட்டது பி53. கெட்டுப்போன செல்லைப் பெருகவிடாமல் தடுக்கும் புரதம் இது. இயல்பான பி53 சீக்கிரம் சிதைந்துவிடும். மரபணு பழுதானால் புரதம் செல்லின் உட்கருவில் தேங்கி, சாயம் ஏற்றியதும் பழுப்பாகத் தெரியும். அப்படிப் புரதம் தேங்கியிருந்தவர்களுக்கு நோய் மோசமாகிறது என்று 1994இல் அமெரிக்க ஆய்வு ஒன்று சொன்னபோது பெரிய எதிர்பார்ப்பு எழுந்தது. சிறுநீர்ப்பை அகற்றப்பட்டவர்களிடம் அதைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வந்தது. 499 பேரின் திசுவைப் பார்த்தும், பி53 எதிர்காலத்தைச் சொல்லும் என்பதை உறுதிசெய்ய முடியவில்லை.

காரணங்கள் உண்டு. எத்தனை சதவீத செல்கள் பழுப்பானால் 'பாசிட்டிவ்' என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கணக்கு மாறும். சிலவகை மரபணுப் பழுதில் புரதம் உருவாகவே செய்யாது, சாயமும் ஏறாது. அந்தப் பழுதுள்ளவர் 'நெகட்டிவ்' பக்கம் போய்விடுவார். செல் பெருகும் வேகத்தைக் காட்டும் கேஐ-67க்கும் எல்லைக்கோடு வரைவதில் இதே தகராறுதான். ஆகவே இவற்றில் ஒன்றைமட்டும் நம்பி முடிவெடுப்பது சரியல்ல என்பேன்.

யாருக்கு நோய் முற்றும் என்பது ஏட்டுக் கவலை அல்ல. ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குச் சிறுநீர்ப்பைக்குள் பிசிஜி மருந்து செலுத்துகிறார்கள். கனடாவில் ஆல்வரோ மொராலஸ் 1976இல் ஒன்பது பேரிடம் கண்ட பலனை வெளியிட்டதிலிருந்து தொடங்கிய சிகிச்சை. அதைத் தயாரிக்கும் சீரம் நிறுவனம் வாகட்டுக்கு மறுகோடியில், ஹடப்சரில் இருக்கிறது. உலக அளவில் பிசிஜிக்குத் தட்டுப்பாடு வந்து போகிறது. யாருக்கு அது கேட்கும், யாருக்குக் கேட்காது என்று முன்பே தெரிந்தால் மருந்தும் வீணாகாது, காலமும் வீணாகாது. மருந்து கேட்காதவருக்குச் சிறுநீர்ப்பையை அகற்றாமல் காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. அவசரப்பட்டால் தேவையில்லாமல் சிறுநீர்ப்பையை இழந்து, வயிற்றில் பையோடு வாழவேண்டி வரலாம்.

இன்றைக்குக் குடும்பத்தார் செய்யக்கூடியவை சில. பயாப்சி அறிக்கையில் தசை கிடைத்ததா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். தசை இல்லாவிட்டாலோ, கட்டி உள்தோலுக்கு அடுத்த அடுக்கைத் தொட்டிருந்தாலோ, இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் மறுபடி சுரண்டிப் பார்க்க வேண்டுமா என்று யூராலஜிஸ்ட்டிடம் கேளுங்கள். சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் கேமரா பரிசோதனைத் தேதியைத் தவறவிடாதீர்கள். வாகட்டில் காட்டிவிட்டு மதுரைக்குத் திரும்பும் அப்பாவோடு ஸ்லைடுகளும் திசுவைப் பதித்த மெழுகு பிளாக்குகளும் போகட்டும். நம்பத்தக்க சோதனை பின்னால் வந்தால், அதே திசுவில் செய்து பார்க்கலாம்.